எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே போன் நம்பரா?

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடை பில்லிங் சாஃப்ட்வேரில் யாருடைய மொபைல் நம்பரைப் போட்டாலும் 2147483647 என்றே பதிவாகிறது. ஏழு இலக்க லேண்ட்லைன் நம்பர் மட்டும் சரியாக ஏறுகிறது. வைரஸா? கணக்கு வாத்தியாரான என் மைத்துனர் இது பகா எண் என்கிறார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: வைரஸ் இல்லை. லேண்ட்லைன் ஏறுகிறது என்று நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. சாஃப்ட்வேர் எழுதியவர் போன் நம்பரை 'இன்ட்' என்ற முழு எண் வகையில் வைத்திருக்கிறார். அதற்கு 32 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) இடம்தான். ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போனால் மிச்சம் 31. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. நம் மொபைல் நம்பர்களோ 6, 7, 8, 9-இல் தொடங்குபவை. மிகச் சிறியதே 600 கோடி. நிரம்பிய படியில் மேலும் அரிசி கொட்டினால் என்ன ஆகும்? படி அளவுதான் நிற்கும், மீதி வழிந்துவிடும். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில், அடங்காத மதிப்பை ஏற்க மறுக்கும் கண்டிப்பு முறையை (ஸ்ட்ரிக்ட் மோட்) அணைத்து வைத்திருந்தால் பிழைச் செய்தி காட்டாமல் இப்படித்தான் உச்ச எண்ணை எழுதிவிடும்.

மைத்துனர் சொல்வது சரி, ஆனால் அது தற்செயல். 64 பிட்டின் உச்சமான 2^63−1 ஏழால் மீதியின்றி வகுபடும், அதாவது அது பகா எண் இல்லை. கணினிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

2147483647 பகா எண் என்று 1772-இல் அறிவித்தவர் கணித மேதை ஆய்லர், அதுவும் பார்வை ஏறக்குறைய போய்விட்ட வயதில். இதன் வர்க்கமூலமான சுமார் 46,340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவையே 4,792 உண்டு. ஆனால் இதை ஒரு பகா எண் வகுக்க வேண்டுமானால், அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். 311 இந்த இரண்டிலும் தேறும், 313 முதலிலேயே விழும். இப்படிச் சலித்தால் அதிகபட்சம் 372 வகுத்தல்கள்தான் மிஞ்சும். அப்புறம் பல பத்தாண்டுகள் இதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

சரி, கடைக்கு வருவோம். 'அன்சைன்டு' (கூட்டல் கழித்தல் குறி இல்லாத வகை) என்று மாற்றினால் தீரும் என்று யாராவது சொல்வார்கள். தீராது, அதன் உச்சமே 429 கோடிதான். 64 பிட் வகையான 'பிக்இன்ட்' கொள்ளும், ஆனால் 044-இன் முதல் பூஜ்யத்தை விழுங்கிவிடும். போன் நம்பரை யாரும் கூட்டிக் கழிப்பதில்லையே, எழுத்தாகவே வையுங்கள்: 'வார்கேர்', 15 இடம். கண்டிப்பு முறையையும் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே தவறாகப் பதிவானவை டேட்டாபேஸிலிருந்து திரும்பாது. பழைய பில் புத்தகத்தில் நம்பர் எழுதியிருந்தால் அதைப் பார்த்து ஏற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை வருகிறவர்களிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.