ஐஸ் துளையும் தூண்டிலும்: வாசகர் கேள்வி பதில்

நாங்கள் நான்கு சிநேகிதர் ஜனவரி கடைசியில் ரொறன்ரோவிலிருந்து வடக்கே நிப்பிசிங் ஏரிக்குப் போய், ஐஸ் மேல் ஒரு வாடகைக் குடிலில் இரண்டு நாள் இருந்து பேர்ச், பிக்கரல் என்ற மீன்களைப் பிடித்துவந்த கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கே இம்முறை முழுப் பக்கமும்.

அண்ணா, என் கணவரும் ஒவ்வொரு மாரிக்கும் கூட்டாளிகளோடு இப்படிப் போகிறார். அவர் திரும்பி வரும்வரை எனக்கு நித்திரை இல்லை. உண்மையில் இது ஆபத்து இல்லாததா?
*(பெயர் வேண்டாம், அஜாக்ஸ்)*

ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன், தங்கச்சி. ஆனால் இது அளந்து பார்க்கக்கூடிய ஆபத்து. ஒருவர் நடக்க 15 சென்ரிமீற்றர், பலர் கூடி நிற்க 20, ஸ்நோமொபைல் ஓட 25 என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் கணக்குச் சொல்கிறது. அதுவும் தெளிந்த நீலநிற ஐஸுக்குத்தான். பனி விழுந்து ஊறி வெள்ளையாக இறுகியது அதில் பாதிப் பலம்கூட இல்லாமல் இருக்கலாம். சாம்பல் நிறமாகத் தெரிந்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது, கால் வைக்கக் கூடாது.

ஏரி முழுவதும் ஒரே தடிப்பில் உறைவதில்லை. ஆறு வந்து விழுகிற வாய், தீவுகளுக்கு இடையிலான ஒடுக்கம், படகுத்துறை, வெடித்து மேலெழும்பிய விளிம்பு, இந்த இடங்களில் மெல்லிசாக இருக்கும். 2004 மார்ச்சில் சிம்கோ ஏரியில் நாங்கள் இதை அனுபவத்தில் படித்தோம். காலையில் போன அதே தடத்தில்தான் பின்னேரம் திரும்பினோம். இடையில் வெயில் எறித்திருந்தது. கரைக்கு நாற்பது அடி இருக்கும்போது எங்களில் டாக்சி ஓடுகிறவர் இடுப்புவரை இறங்கிவிட்டார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தேன். மற்றவர்களில் ஒருவர் என்னைப் பின்னால் இழுத்து விழுத்தியிராவிட்டால் நானும் போயிருப்பேன். படுத்தபடி சறுக்குப் பலகையின் கயிற்றை எறிந்துதான் அவரை இழுத்தெடுத்தோம். அந்தக் கயிற்றை இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கு மாறவில்லை. முன்னால் போகிறவர் அலவாங்கால் ஐஸைக் குத்திக் குத்தித்தான் நடப்பார். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் பத்து அடி இடைவெளி. எல்லார் கழுத்திலும் இரண்டு கூர்முனைப் பிடிகள் தொங்கும். விழுந்தால் அவற்றை ஐஸில் குத்தி, காலை நீந்துவதுபோல் அடித்து, வயிற்றால் ஊர்ந்து ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு, வந்த பக்கமே போகவேண்டும். மானிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் சொல்லித்தரும் கணக்கு 1, 10, 1. முதல் ஒரு நிமிடம் திணறும் மூச்சைச் சீராக்க, பத்து நிமிடம் கைகால் சொல்வது கேட்கும், குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஆகும். உடனே உறைந்து செத்துவிடுவோம் என்று பதறுகிறவர் அந்தப் பத்து நிமிடத்தையும் வீணாக்கிவிடுவார். அதனால்தான் இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறேன்.

உங்கள் கணவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். கூடாரத்துக்குள் காஸ் ஹீற்றர் வைக்கிறார்களா? காற்று வரத் திறப்பு விடுகிறார்களா? கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மின்கலத்தில் இயங்கும் அலாரம் ஒன்றை வாங்கி நீங்களே அவருடைய பைக்குள் வையுங்கள். எந்த ஏரி, எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பதை எழுதி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். என் மனைவி இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறா.

அங்கிள், மைனஸ் 24 என்று எழுதியிருந்தீர்கள். அப்போது ஏரி அடிவரை உறைந்து மீன்கள் ஏன் சாகவில்லை?
*(ஐந்தாம் வகுப்பு மாணவி, மார்க்கம்)*

நல்ல கேள்வி, பிள்ளை. தண்ணீர் 4 பாகையில்தான் மிகவும் பாரமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் பாரம் குறைந்து மேலே வரும். ஆகவே 4 பாகைத் தண்ணீர் அடியில் தங்க, 0 பாகைத் தண்ணீர் மேலே வந்து உறைகிறது. ஐஸும் அதன்மேல் கிடக்கும் பனியும் போர்வை மாதிரி. அப்பாவோடு போனால் ஒரு வெப்பமானியைத் தங்கூசியில் (தூண்டில் நூலில்) கட்டி இறக்கிப் பார். துளைக்குப் பக்கத்தில் உன் மூக்கு விறைக்கும், கீழே மீனுக்கு அப்படி இல்லை.

நான் சிம்கோவில் இரண்டு தரம் இருந்தும் ஒன்றும் படவில்லை. உங்களுக்கு மட்டும் எப்படி? பேர்ச்சுக்கும் பிக்கரலுக்கும் ஒரே தூண்டிலா?
*(கட்டடத் தொழிலாளி, 29, பிரம்ரன்)*

தம்பி, இரண்டும் ஒரே குடும்ப மீன்கள், ஆனால் வேலைநேரம் வேறு. பேர்ச் பகல்காரன். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டிகள், முதுகுச் செட்டை முள். கண்ணால் பார்த்து மேயும், கூட்டமாகத் திரியும், இருட்டினால் அடங்கிவிடும். அமெரிக்காக்காரர் வால்ஐ என்பதைத்தான் ஒன்ராறியோவில் பிக்கரல் என்கிறோம். அனிஷினாபே மக்களின் மொழியில் அது ஓகா. அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருக்கிறது, பூனைக்கு இருப்பதுபோல. அதனால் மங்கலில் மற்ற மீனுக்குத் தெரியாதது இதற்குத் தெரியும். பொழுது படுகிற நேரத்தில்தான் இரை தேடி வரும்.

நிப்பிசிங்கில் எங்கள் முதல் நாள் இப்படிப் போனது. விடிய 3 மணிக்கு ஸ்காபரோவில் புறப்பட்டு, ஏறக்குறைய 350 கிலோமீற்றர் ஓடி, கரையில் பழைய பொம்பார்டியர் பனி வண்டியில் ஏறினோம். வட்டக் கண்ணாடி யன்னல்களும் முன்னால் சறுக்குக் கட்டைகளும் உள்ள அந்த வண்டிகள் 1940களில் கியூபெக்கில் செய்யத் தொடங்கியவை, இன்னும் ஓடுகின்றன. குடிலுக்குள் விறகடுப்பு, தரையில் துளைகள். 10 மணியிலிருந்து பேர்ச் ஓயாமல் பட்டது. 2 மணிக்கு நின்றுவிட்டது. வெதுப்பகத்தில் இரவு வேலை செய்கிறவர் படுத்துவிட்டார். நான் தேத்தண்ணி ஊற்றினேன். மூன்று மணித்தியாலம் ஒன்றுமே இல்லை. 4.50க்கு வெளியே வானம் செம்மண் நிறமாகும்போது, சும்மா தொங்கவிட்டிருந்த இரண்டாவது தூண்டிலின் நுனி மெல்ல வளைந்தது. அடுத்த நாற்பது நிமிடத்தில் ஐந்து பிக்கரல். பிறகு மறுபடி அமைதி.

நீங்கள் காலையில் போய் 3 மணிக்குத் திரும்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பேர்ச்சுக்கு 4 இறாத்தல் தாங்கும் மெல்லிய தங்கூசியும் சின்னிவிரல் நகமளவு ஜிக்கும் (ஈயத்தலை உள்ள தூண்டில் முள்) போதும். அது இழுக்காது, கொறிக்கும். யாழ்ப்பாணத்துக் குருநகரில் என் தகப்பனார் தங்கூசியைச் சுட்டுவிரலில் போட்டுக்கொண்டு, ஈயம் தரையைத் தொடுவதையும் மீன் தொடுவதையும் பிரித்துச் சொல்வார். அந்த விரல் உணர்வுதான் இங்கும் வேண்டும். இருபது நிமிடம் ஒன்றும் படாவிட்டால் துளையை மாற்றுங்கள், பேர்ச் உங்களைத் தேடி வராது. பிக்கரலுக்குத் தூண்டில் தரையிலிருந்து அரை அடி மேலே நிற்கட்டும். நிப்பிசிங்கின் சராசரி ஆழம் நாலரை மீற்றர்தான். மேலே நடக்கிற சத்தம் கீழே கேட்கும்.

உயிருள்ள சிறுமீனை ரொறன்ரோவில் வாங்கி வடக்கே கொண்டுபோகாதீர்கள். ஒன்ராறியோவை இரை வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள், வலயம் மாற்றிக் கொண்டுபோவது சட்டவிரோதம். நோயும் அந்நிய மீனும் பரவாமலிருக்கத்தான். ஏரிக்கரையில் வாங்கி, ரசீதை வைத்திருங்கள். ஐஸில் ஒருவருக்கு இரண்டு தூண்டில் போடலாம், ஆனால் இரண்டும் 60 மீற்றருக்குள், மறைப்பில்லாமல் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

எத்தனை மீன் வைத்திருக்கலாம்? வெட்டிக் கழுவிக் கொண்டுவரலாமா?
*(இல்லத்தரசி, மிசிசாகா)*

பேர்ச் முழு லைசென்சுக்கு 50, சிறிய லைசென்சுக்கு 25. பிக்கரல் அப்படியல்ல. நிப்பிசிங்கில் மிதமிஞ்சிப் பிடித்து அதன் தொகை விழுந்துபோனது. 2014இல் 46 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததை வைத்திருக்கக் கூடாது என்ற விதி வந்தது, குஞ்சு ஒரு தரமாவது முட்டையிடட்டும் என்று. நாங்கள் பிடித்த ஐந்தில் மூன்றைத் திரும்ப விட்டோம். அளவுகோலில் ஒரு விரல்கடை குறைந்தாலும் விடத்தான் வேண்டும், விடும்போது எனக்கு ஒரு கவலையும் இல்லை. வடகரையில் நிப்பிசிங் முதற்குடி மக்கள் எங்களுக்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்து இந்த மீனில் வாழ்கிறார்கள். விதிகள் மாறும், ஒவ்வொரு வருடமும் மாகாணக் கையேட்டைப் பாருங்கள்.

வெட்டலாமா என்றால், அளவுவிதி உள்ள மீனை வீடு வரும்வரை அளக்கக்கூடியபடி முழுதாகக் கொண்டுவாருங்கள். அங்கேயே சமைத்துச் சாப்பிடுவதற்குத் தடை இல்லை, ஆனால் சாப்பிட்டதும் கணக்கில் சேரும். பேர்ச்சைத் தோலுரித்து மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புப் பிரட்டி விறகடுப்பில் பொரித்தோம். வீட்டிலிருந்து பெரிய பிளாஸ்கில் ஒடியல் கூழ் போயிருந்தது. பிக்கரல் சதை வெள்ளை, மணம் குறைவு. தடித்த குழம்பு அதை மூடிவிடும், பால் சொதிதான் பொருத்தம். பெரிய பிக்கரலில் பாதரசம் கூடுதலாக இருக்கும், ஆகவே கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் அதைத் தவிர்த்து, பேர்ச்சைச் சாப்பிடலாம்.

ஐயா, எனக்கு 71 வயது. பாசையூர். 1980களில் கடலுக்குப் போகத் தடை வந்தபிறகு தூண்டிலைத் தொடவே இல்லை. என்னோடு தொழில் செய்தவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. இந்த வயதில் ஐஸில் இருக்கலாமா?
*(வாசகர், ஸ்காபரோ)*

அண்ணை, உங்கள் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். பாசையூரும் குருநகரும் கூப்பிடு தூரம். நீங்கள் என் தகப்பனாரைக் கண்டிருக்கக்கூடும்.

65க்கு மேல் லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை, பெயரும் பிறந்த திகதியும் உள்ள அரச அடையாள அட்டை போதும். இருதய வருத்தமோ சலரோகமோ இருந்தால் முதலில் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள், சலரோகத்தில் கால் விறைப்பது தெரியாமல் போய்விடும். நடக்கத் தேவையில்லை, பனி வண்டி குடில் வாசலில் விடும். பெப்ரவரி நடுப்பகுதியில் மறுபடி போகிறோம், குடிலில் ஐந்தாவது ஆளுக்கு இடம் இருக்கிறது. ஆசிரியரிடம் உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள், நான் எடுக்கிறேன். சப்பாத்து ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், கம்பளி மேஸ் இரண்டு சோடி போட இடம் வேண்டும். தூண்டில் நான் கொண்டுவருவேன். உங்களுக்கு விருப்பமென்றால் தடி இல்லாமல், வெறும் தங்கூசியும் ஈயமும்.