வாசகர் கேள்விகள்: 15-ஆல் பெருக்குவதா, 1.0027-ஆல் பெருக்குவதா?

கேள்வி: விண்மீன் நேரத்தில் (சூரியனுக்குப் பதில் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நேரம்) 1 மணி என்றால் 15 டிகிரி என்கிறார்கள். இன்னொரு இடத்தில் வானம் மணிக்கு 15.04 டிகிரி சுழல்கிறது என்று படித்தேன். எது சரி?

பதில்: இரண்டுமே சரி, மணிதான் வேறு வேறு. பூமி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது, அதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையிலும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் சூரியன் மறுபடி உச்சிக்கு வர இன்னும் ஏறத்தாழ 4 நிமிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த 23:56:04-ஐ 24 பங்கு போட்டால் ஒரு பங்கு விண்மீன் மணி. அதற்குச் சுத்தமாக 15 டிகிரி. உங்கள் கைக்கடிகாரத்தின் மணிக்குத்தான் 15.041.

நட்சத்திரப் பட்டியலில் வல ஏற்றத்தை (வானத்தில் கிழக்கு நோக்கி அளக்கும், தீர்க்கரேகை போன்ற அளவு) மணி, நிமிடம் என்று கொடுத்திருப்பார்களே, அது வெறும் கோணம். கடிகார மணியை விண்மீன் மணியாக்கும் 1.0027-க்கு அதில் வேலையே இல்லை. சிரியஸின் வல ஏற்றம் 6 மணி 45 நிமிடம் 9 விநாடி: 6-ஐ 15-ஆல் பெருக்கினால் 90, 45 நிமிடத்தை 4-ஆல் வகுத்தால் 11.25, 9 விநாடியை 240-ஆல் வகுத்தால் 0.0375, மொத்தம் 101.2875 டிகிரி. 6 மணி 45 நிமிடத்தை 6.45 என்று கால்குலேட்டரில் தட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படித் தட்டினால் 96.75 வரும், அதாவது நாலரை டிகிரி பிசகு, ஒன்பது முழுநிலாவை வரிசையாக வைக்கலாம்! இன்னொன்று, நேரத்தின் 1 நிமிடம் கோணத்தின் 1 கலை (டிகிரியில் 60-இல் ஒரு பங்கு) ஆகாது, 15 கலை. விநாடிக்கும் அப்படியே 15 விகலை (கலையில் 60-இல் ஒரு பங்கு).

கேள்வி: ஒரே இரவில் 10 மணி நேரம் தொடர்ந்து படம் எடுத்தேன். அதை விண்மீன் நேரமாக்க 3 நிமிடம் 56 விநாடி கூட்டினால் போதுமா?

பதில்: அது முழு 24 மணிக்கு உள்ள கணக்கு. நீங்கள் எடுத்தது 10 மணிதானே, மணிக்கு 9.8565 விநாடி வீதம் கூட்டுங்கள், 10 மணி 1 நிமிடம் 38.6 விநாடி வரும். 1.0027379-ஆல் பெருக்கினாலும் அதேதான். இந்த எண் வேறெங்கிருந்தும் வரவில்லை: ஒரு வருடத்தில் 365.2422 சூரிய நாள், விண்மீன் நாளோ சரியாக ஒன்று கூடுதலாக 366.2422, வகுத்துப் பாருங்கள்.

திரும்பி வரும்போதுதான் இடறும். 10 விண்மீன் மணியைக் கடிகார மணியாக்க, மணிக்கு 9.8296 விநாடிதான் கழிக்க வேண்டும், 9.8565 இல்லை. 10 மணிக்கு வித்தியாசம் கால் விநாடிக்குச் சற்று மேல், வானத்தில் 4 விகலை. வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லை, நீளக் குவியத் தொலைநோக்கியில் நட்சத்திரம் கோடாக இழுபடும்.

கேள்வி: இன்ன தேதி, இன்ன மணிக்கு என் இடத்தில் விண்மீன் நேரம் என்ன என்று எப்படிப் போடுவது?

பதில்: இதற்குப் பெருக்கல் மட்டும் போதாது, தேதியும் தீர்க்கரேகையும் வேண்டும். 2000 ஜனவரி 1 உலக நேரம் (UT, அதாவது கிரீன்விச் நேரம்) நண்பகலிலிருந்து கழிந்த நாட்களை 'நா' என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரீன்விச் விண்மீன் நேரம் = 18.697374558 + 24.06570982441908 × நா. வருவதிலிருந்து 24, 24 ஆகக் கழித்துக்கொண்டே போய் மீதியை எடுங்கள். 2024 ஜனவரி 1, உலக நேரம் 0 மணிக்கு நா 8765.5. போட்டால் 6.67684, அதாவது 6 மணி 40 நிமிடம் 37 விநாடி. நீங்கள் கிழக்கே 30 டிகிரியில் இருந்தால் 2 மணி கூட்டுங்கள், 8:40:37. மேற்கு என்றால் கழித்தல்.

விடை சரியா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சுருக்குவழி: செப்டம்பர் 22 வாக்கில் நள்ளிரவில் விண்மீன் கடிகாரமும் 0 காட்டும், அப்புறம் மாதத்துக்கு 2 மணி வீதம் முந்திக்கொண்டே போகும். ஜனவரி 1 வரை 101 நாள், நாளுக்கு 4 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, ஆக 6 மணி 38 நிமிடம். பொருந்துகிறது, இல்லையா? கணக்கில் 16 என்று வந்திருந்தால் எங்கோ தப்பு என்று உடனே தெரிந்திருக்கும்.

இந்த 8:40:37-இலிருந்து சிரியஸின் 6:45:09-ஐக் கழித்தால் மணிக்கோணம் 1:55:28, அது உச்சிவட்டத்தை (தலைக்கு மேலாக வடக்கு தெற்காகப் போகும் கோடு) தாண்டி மேற்கே அவ்வளவு தூரம் போய்விட்டது. ஆனால் 6:45:09 என்பது 2000-ஆம் ஆண்டு நிலை. பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால் 2024-க்குள் அது ஏறக்குறைய 1 நிமிடம் கூடிவிட்டது, துல்லியம் வேண்டுமானால் அதையும் சேர்க்க வேண்டும்.

கேள்வி: விண்மீன் நாள் 23:56:4.0905 என்றும் 23:56:4.0989 என்றும் இரண்டு மதிப்பு பார்த்தேன். ஒன்று அச்சுப்பிழையா?

பதில்: இல்லை. முதலாவது, மேஷ விஷுவப் புள்ளி (வல ஏற்றம் 0 என்று எண்ணத் தொடங்கும் இடம்) மறுபடி உச்சிக்கு வர ஆகும் நேரம். அந்தப் புள்ளியே மேற்கு நோக்கி நகர்வதால் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடும். இரண்டாவது, தொலைதூர நட்சத்திரங்களை வைத்து அளந்த பூமியின் சுழற்சி. விண்மீன் நேரக் கணக்குக்கு 4.0905-ஐ எடுங்கள்.