குளிர்க் கடலுக்குப் புறப்படும் முக்குளிப்பாளர்களுக்கு

ஆகஸ்ட் பிறந்தால் எனக்கு ஒரே வகைக் கேள்விகள் வரத் தொடங்கும். சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில் முக்குளிக்கக் கற்ற பிள்ளைகள் படிப்பதற்காகப் பிரிட்டனுக்குப் புறப்படும் காலம் அது. இந்த ஆண்டு வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பிளிமத்தில் படிக்கப் போகிறேன். இங்கே இருபது முறை முக்குளித்திருக்கிறேன். அங்குள்ள முக்குளிப்புச் சங்கத்தில் சேர்ந்து உடனே கடலில் இறங்கலாமா? — பொங்கோல் வாசகி

சங்கத்தில் உடனே சேருங்கள். கடலுக்குச் சில வாரம் பொறுங்கள். நம் கடல் ஆண்டு முழுவதும் 27 முதல் 31 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்கும். பிளிமத்தில் ஆகஸ்ட், செப்டம்பரில்கூட 16, 17 டிகிரிதான். மார்ச்சில் 9 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். நிலத்தைவிடக் கடல் மெதுவாகச் சூடேறும் என்பதால், வெயில் வந்துவிட்டதென்று வசந்தத் தொடக்கத்தில் இறங்குகிறவர்கள் ஆண்டின் மிகக் குளிர்ந்த நீரில் இறங்குகிறார்கள். செப்டம்பரில் போய்ச் சேரும் நீங்கள், சங்கத்தின் நீச்சல்குளப் பயிற்சியில் புதிய உடைக்குப் பழகிக்கொண்டு, நீர் குளிர்வதற்குள் கடலைப் பார்த்துவிடலாம்.

பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் என்ற முக்குளிப்புச் சங்கம் 1953இல் தொடங்கியது. அதன் கிளைகள் நாடெங்கும் இருக்கின்றன. கற்றுத் தருபவர்கள் பெரும்பாலும் தொண்டூழியர்கள். அவர்களிடம் நான் மிகவும் மதிப்பது நீரோட்ட அறிவை. கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே நீர் சற்று நேரம் ஓட்டமின்றி நிற்கும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அந்தக் கரையில் பல ஆண்டுகள் இறங்கியவர்களுக்குக் கைவந்த கலை.

உங்களிடமும் ஒரு பலம் இருக்கிறது. ஹந்துவின் கலங்கிய நீரில், உடன் இறங்கும் துணைவரைத் தவறவிடாமல் நீந்தப் பழகியிருக்கிறீர்கள். தெளிந்த நீரில் மட்டும் கற்றவர்களுக்கு அந்தப் பழக்கம் எளிதில் வராது. செயற்கைப் பாறைத்திட்டாகப் பயன்படட்டும் என்று 2004இல் மூழ்கடிக்கப்பட்ட ஸ்கில்லா போர்க்கப்பல் அந்தக் கரையோரம்தான் கிடக்கிறது. வெளியே சுற்றிப் பாருங்கள். உள்ளே வண்டல் படிந்திருக்கிறது, நுழைய வேண்டாம்.

இங்கே வாங்கிய 3 மில்லிமீட்டர் உடைமேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டால் போதாதா? — ஈசூன் வாசகர்

போதாது. நியோப்ரீன் என்ற நுரை ரப்பர் உடையில் சூட்டைக் காப்பவை அதனுள் அடைபட்ட நுண்ணிய வாயுக்குமிழ்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரு மடங்கு. குமிழ்கள் நசுங்கி, உடை மெலிந்துவிடும். நீரோ காற்றைவிட இருபது மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் உடற்சூட்டை இழுக்கும். கோடையில் 7 மில்லிமீட்டர் உடையோடு தலைமூடியும் கையுறையும் காலணியும் அணிந்து சமாளிக்கலாம். குளிர்காலத்துக்கு நீர் புகாத டிரைசூட் வேண்டும். இறங்கும்போது அதற்குள் காற்று விட வேண்டும், ஏறும்போது வெளியேற்ற வேண்டும். அந்தக் காற்று கால்பக்கம் சேர்ந்துவிட்டால் ஆளைத் தலைகீழாக மேலே இழுத்துச் செல்லும். ஆகவே பயிற்சி இல்லாமல் அணியவே கூடாது.

நான் முதன்முதலில் குளிர்ந்த கடலில் இறங்கியபோது மெல்லிய கையுறைதான் அணிந்திருந்தேன். பதினைந்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போயின. மிதவைச் சட்டையின் பொத்தானை அழுத்துகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் தாங்கிவிடலாம் என்று எண்ணினேன். உடன் வந்த பெரியவர் என் கைகளைப் பார்த்தார், மேலே போகலாம் என்ற சைகையாகக் கட்டைவிரலை உயர்த்தினார். மேலே வந்துவிட்டோம். குளிர் விரல்களை எடுத்துக்கொண்ட பிறகு நிதானத்தையும் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டது நமக்கே தெரியாது. உடல் நடுங்கத் தொடங்கியதுமே சைகை காட்டிவிடுங்கள். நல்ல சங்கத்தில் அதற்குக் காரணம் கேட்க மாட்டார்கள்.

குளிரில் ரெகுலேட்டர் உறைந்தால் மூச்சு நின்றுவிடுமா? — தெம்பனிஸ் வாசகர்

நிற்காது, காற்று கொட்டத் தொடங்கும். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவிதான் ரெகுலேட்டர். சிலிண்டரில் அடைபட்ட காற்று அதில் விரிவடையும்போது கடுமையாகக் குளிர்கிறது. அந்தக் குளிரில் பனி கட்டினால் வால்வு திறந்தபடியே நின்றுவிடும், சில நிமிடங்களில் சிலிண்டர் காலியாகிவிடும். துணைவரின் மாற்று வாய்க்குழாயை வாங்கிக்கொண்டு அவரோடு மேலேறுங்கள். வாங்கும்போதே ஐரோப்பியத் தரமான ஈஎன் 250இன்கீழ், 10 டிகிரிக்குக் குறைந்த நீருக்கென்று சோதிக்கப்பட்ட கருவியா என்று பாருங்கள். மூச்சிழுக்கும் அதே நொடியில் மிதவைச் சட்டைக்கும் காற்று விடாதீர்கள்.

வயது 54. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மகளோடு நானும் இறங்கலாமா? — ஜூரோங் வாசகர்

இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஏன் என்று மட்டும் சொல்கிறேன். நீரில் மூழ்கியதுமே கைகால்களின் இரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. குளிர் நாளங்களைச் சுருக்கி அதை இன்னும் கூட்டுகிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ள சிலருக்கு நீருக்கடியில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதுண்டு. புறப்படும் முன் இங்கேயே முக்குளிப்பு மருத்துவம் அறிந்த ஒருவரைப் பாருங்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது.

கடலிலிருந்து ஏறியதும் வெந்நீரில் குளிக்கலாமா? மறுநாளே விமானம் ஏறலாமா?

வெந்நீருக்குச் சற்றுப் பொறுங்கள். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் திடீர்ச் சூட்டில் குமிழாகிவிடக்கூடும். காய்ந்த உடைக்கு மாறி, காற்று படாத இடத்தில் உட்காருங்கள். பல நாள், பல முறை முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம். நான் 24 மணி நேரம் விடுகிறேன்.

தம்பி, என் மகன் ஸ்காட்லாந்துக்குப் போகிறான். கடலைப் பற்றிக் கேட்டால் "ஒன்றும் ஆகாது அம்மா" என்கிறான். நான் என்ன கேட்பது? — உட்லண்ட்ஸ் தாயார்

அம்மா, "ஜாக்கிரதையாக இரு" என்றால் பிள்ளை "சரி" என்று முடித்துவிடுவான். பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகளைக் கேளுங்கள். உன்னோடு இறங்கும் துணைவர் யார்? கரையில் நேரம் குறித்துக்கொண்டு காத்திருப்பவர் யார்? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னால், அவன் நல்லவர்களோடுதான் போகிறான். பெட்டியில் கம்பளிக் காலுறை நான்கு சோடி வையுங்கள். சுக்குமல்லிப் பொடியும் ஒரு பொட்டலம் வையுங்கள். நீரை விட்டு ஏறியதும் குளிருக்கு இதம் என்று சிலர் மது நீட்டுவார்கள். அது தோலுக்கு இரத்தத்தைக் கொண்டுவந்து உடற்சூட்டை வெளியே விட்டுவிடும். பிளாஸ்க்கில் உங்கள் சுக்குக் காப்பி இருந்தால் அவன் அதைக் குடிப்பான், பக்கத்திலிருப்பவருக்கும் ஊற்றிக் கொடுப்பான்.