பூனைக்காலிப் பொடியும் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா, கார்பிடோபா சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். மத்தியானத்துக்கு மேல் அது சரியாகக் கேட்பதில்லை, சட்டை பட்டன் போடவே கஷ்டப்படுகிறார். சொந்தக்காரர் ஒருவர் பூனைக்காலி விதைப் பொடி வாங்கித் தந்திருக்கிறார். மூலிகைதானே, கொடுக்கலாமா? மஞ்சள் கேப்சூல்?
- வாசகி, தக்கலை

பதில்: நரம்பியல் டாக்டரிடம் காட்டும் வரை அந்தப் பொடி ஒரு ஸ்பூன்கூட வேண்டாம் சகோதரி. பூனைக்காலி நிஜமாகவே வேலை செய்யும் மூலிகை, அதனால்தான் பயப்படுகிறேன். அந்த விதையில் இருப்பதும் அதே லெவோடோபாதான், 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி இருவரும் அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு உண்டு, பொடியில் அது விதைக்கு விதை மாறும். அளவு கூடினால் கை கால் தானாக ஆடும், வாந்தி வரும், எழுந்ததும் தலைசுற்றி விழலாம், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள்.

எந்த மருந்துக்கும் மூளைக்குள் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. அங்கே ரத்தக்குழாய்ச் சுவரின் செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருங்கி நின்று கண்டதையும் உள்ளே விடாது. அப்பாவுக்குக் குறைந்திருப்பது டோபமின், உடல் அசைவுக்கு மூளைக்குத் தேவையான ரசாயனம். ஆனால் அதை நேராகக் கொடுத்தால் உள்ளே போகாது. லெவோடோபா ஒரு அமினோ அமிலம் என்பதால் உணவுப் புரதத்தின் அமினோ அமிலங்கள் போகும் வழியிலேயே நுழைந்து, உள்ளே போய் டோபமினாக மாறும். போகிற வழியில் டோபமினாக மாறி வீணாகாமல் காக்கத்தான் கார்பிடோபா. வெறும் பொடியில் அது இல்லை.

சரி, மத்தியான மாத்திரையை எப்போது கொடுக்கிறீர்கள்? நம்ம ஊரில் மீன்கறி இல்லாத மத்தியானம் ஏது? மரச்சீனியும் மீனும் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால், மீனின் புரதமும் மருந்தும் ஒரே வழிக்கு முட்டிமோதும், மருந்து பிந்திவிடும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துப் பாருங்கள், குமட்டினால் ஒரு பிஸ்கட்டோடு. மீனை நிறுத்தவே வேண்டாம், ராத்திரிக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை நேரம், சாப்பிட்டது, கை ஓடாத நேரம் மூன்றையும் ஒரு வாரம் நோட்டில் எழுதிக் கொண்டுபோனால் அவருக்குப் பெரிய உதவி.

மஞ்சளின் குர்குமின் குடலிலேயே சரியாக ஏறாது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் கூடும், ஆனால் பைப்பரின் வலிப்பு மாத்திரை போன்ற வேறு மருந்துகளின் அளவையும் ஏற்றிவிடும். கொழுப்பு நுண்துகளில் பொதிந்தும் மூக்கு வழியாகவும் குர்குமினை மூளைக்கு அனுப்ப ஆராய்ச்சிகள் நடக்கின்றன, பார்க்கின்சனுக்கு அது மருந்தாகும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. கேப்சூலால் சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது. மீன்கறியில் போடும் மஞ்சள் போதும்.

அப்புறம், பொடியை நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே பொடி கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.