பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்

தங்கச்சி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டாய். தேவகோட்டையில் பெரிய வீட்டை அடகு வைக்க முடியாது, பங்காளிகள் பதினொரு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் காரைக்குடி மனைப் பத்திரத்தை வங்கியில் வைத்து 25 லட்சம் எடுத்துக் கொடுக்க அப்பச்சி தயாராக இருக்கிறார். இங்கிலாந்தில் பி.ஜி.சி.இ. என்ற ஓராண்டு ஆசிரியர் பயிற்சி படித்து ஆசிரியரானால் அந்தக் கடன் எத்தனை வருடத்தில் அடையும் என்பது உன் கேள்வி. கடைசியில், அக்காவான என்னைப் பார்த்து, "ஆச்சி, நீங்களும் கடன் வாங்கித்தானே போனீர்கள்" என்று ஒரு வரி. அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

ஆமாம், நானும் கடன் வாங்கித்தான் வந்தேன். 2010இல் 12 லட்சம். நான்கரை வருடத்தில் அடைத்தேன். ஊரில் எல்லோரும் அதை என் சாமர்த்தியம் என்றார்கள். நான் கட்டணம் கட்டியபோது ஒரு பவுண்டு சுமார் 70 ரூபாய். சம்பாதித்து அனுப்பத் தொடங்கிய பிறகு, 2013 ஆகஸ்டில், அது 100 ரூபாயை எட்டியது. கடன் ரூபாயில், சம்பளம் பவுண்டில். கடன் அவ்வளவு சீக்கிரம் கரைந்ததற்குப் பாதிக் காரணம் அந்த ஏற்றம்தான். நீ இன்று கட்டணம் கட்டப்போவது 115 ரூபாய்க்கு மேல் விற்கும் பவுண்டில். என் நான்கரை வருடத்தை உன் கணக்குக்கு அளவுகோலாக வைக்காதே.

நம் தாத்தா ஐயா பர்மாவில், ரங்கூன் மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்த உதவியாளராக, இருந்தவர். மூன்று வருடக் கணக்கு முடிந்ததும், கடையின் ஐந்தொகையை எழுதி முதலாளியிடம் காட்ட வேண்டும். வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, வட்டி எல்லாம் ஒரே தாளில் இருக்கும். நானும் உனக்கு அப்படியே எழுதிப் பார்த்தேன்.

வெளிநாட்டு மாணவருக்குப் பல பல்கலைக்கழகங்களில் பி.ஜி.சி.இ. கட்டணம் 15,000 பவுண்டுக்கு மேல். அதுவே 17 லட்சம் ஆகிவிடும். லண்டனுக்கு வெளியே படித்தாலும், விசாவுக்கு மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதச் செலவுப் பணத்தைக் கணக்கில் காட்டச் சொல்கிறார்கள். அது 12 லட்சம். போதாததற்கு வருடத்துக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம், விசாக் கட்டணம், விமானச் சீட்டு. ஆக 25 லட்சம் போதாது, குறைந்தது 30 என்று வைத்துக்கொள். பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்த ஓராண்டில் 24 வாரம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி. பகலெல்லாம் வகுப்பு, இரவெல்லாம் பாடத்திட்டம் எழுதுவது. சனிக்கிழமை ஒரு கடையில் நின்று பார்த்தேன். மூன்றாவது வாரமே விட்டுவிட்டேன்.

30 லட்சத்தை 11 சதவிகித வட்டிக்குப் பத்து வருடத்தில் அடைக்க, மாதத் தவணை ஏறக்குறைய 41,300 ரூபாய். மொத்தம் கட்டுவது 49 லட்சத்து 59 ஆயிரம். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை.

இனி வரவு. இங்கிலாந்தில், லண்டன் வட்டாரத்துக்கு வெளியே, 2025 செப்டம்பரிலிருந்து புது ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம் 32,916 பவுண்டு. வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் சுமார் 2,100. உன் தவணை 360 பவுண்டு. வாடகைக்கு ஒரு அறை, சாப்பாடு, பேருந்து, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு எல்லாம் போனாலும், தனி ஆளாக இருந்தால் கட்டிவிடலாம். வேலை இருக்கிறவரை இந்தக் கடன் உன்னை முறிக்காது.

வேலை இல்லாத மாதங்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். படிப்பு முடிந்ததும் எனக்கு ஏழு மாதம் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. ஆள் வராத நாளில் அந்த வகுப்புக்குப் போகும் தினக்கூலி ஆசிரியராக, காலை ஏழு மணிக்குக் கைபேசி அடிக்குமா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். சில வாரம் நான்கு நாள் வேலை இருக்கும், சில வாரம் ஒன்றுமே இருக்காது. ஒரு பள்ளியில் வேலை தருகிறோம் என்று கைகுலுக்கினார்கள். விசா ஆதரவு வேண்டும் என்றதும் பின்வாங்கிவிட்டார்கள். விசா ஆதரவு தரும் உரிமம் எல்லாப் பள்ளிக்கும் இல்லை. இருக்கிற பள்ளிகளிலும் செலவையும் காகித வேலையையும் பார்த்துத் தயங்குகிறவர்கள் உண்டு. அந்த ஏழு மாதமும் ஊரில் தவணையைக் கட்டியது அப்பச்சி. ஆத்தாவின் வளையல் எங்கே போனது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது படிப்புக்குப் பின் இரண்டு வருட விசா இருந்ததால் தப்பித்தேன். இப்போதும் அப்படி ஒன்று உண்டு. ஆனால் 2027 ஜனவரி முதல் தேதியிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு அது பதினெட்டு மாதமாகக் குறைகிறது. அதற்குள் விசா தரும் பள்ளி கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். தமிழ்நாட்டில் அரசு முதுகலை ஆசிரியரின் அடிப்படைச் சம்பளமே 36,900 ரூபாயில்தான் தொடங்குகிறது. அகவிலைப்படி தனி, சரி. ஆனால் உன் தவணை அந்த அடிப்படைச் சம்பளத்தை விடப் பெரியது. தனியார் பள்ளிச் சம்பளத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. இங்கே வந்தால் உன்னோடு படிக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள், "எங்களுக்கும் கடன்தான்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அதைக் கேட்டு மனசு லேசாகிவிடக் கூடாது. அவர்கள் கடன் சம்பளத்தோடு கட்டுப்பட்டது. 2023 ஆகஸ்டிலிருந்து பட்டப்படிப்பில் சேர்ந்தவர் என்றால், ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் வரும் தொகையில் 9 சதவிகிதம் பிடிப்பார்கள். நான் சொன்ன சம்பளத்துக்கு அது மாதம் 60 பவுண்டுகூட வராது. வேலை போனால் பிடித்தமும் நின்றுவிடும். நாற்பது வருடத்தில் மிச்சத்தைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். உன் கடன் நீ வேலையில் இருக்கிறாயா என்று கேட்காது. மாதம் பிறந்தால் வங்கி கேட்கும், கொடுக்காவிட்டால் மனை போகும்.

ஐந்தொகையில் எழுத முடியாத ஒரு செலவும் உண்டு. கடன் இருந்த காலம் முழுவதும் நான் ஊருக்கு வரவில்லை. விமானச் சீட்டுப் பணம் இரண்டு தவணைக்கு ஆகுமே என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டேன். ஐயா இறந்த செய்தி வந்தபோது ஒன்பதாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். மணி அடிக்கும்வரை நடத்திவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

வராதே என்று நான் சொல்லவில்லை. இந்த வேலையை நான் நேசிக்கிறேன். கணக்கு ஆசிரியர்களுக்கு இங்கே தட்டுப்பாடு இருக்கிறது, நீ நன்றாக வருவாய். வரும் வழியைத்தான் மாற்றச் சொல்கிறேன். எனக்கு அப்போது இல்லாத ஒரு வழி உனக்கு இருக்கிறது. 2023 முதல், இந்தியாவில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் நேரடியாகவே இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதியான க்யூ.டி.எஸ்.க்கு விண்ணப்பிக்கலாம். நம் நாட்டவருக்குக் கணிதம், அறிவியல், மொழிப் பாடங்கள் மட்டும்தான், அதுவும் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தும் தகுதி வேண்டும். பட்டம், ஆசிரியர் பயிற்சி, அதன்பின் குறைந்தது ஓராண்டு பள்ளி அனுபவம், ஆங்கிலத் தேர்ச்சி இவற்றுக்குச் சான்று கேட்பார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது.

ஆக, நீ பி.எட். படிக்க வேண்டும். அழகப்பா பல்கலைக்கழகம் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். இரண்டு வருடப் படிப்புக்கும் சேர்த்து, இங்கே கேட்கும் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பிறகு ஓராண்டு ஏதாவது பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடு. மூன்று வருடம் தாமதமாகும், உண்மைதான். இங்கேயே பயிற்சி எடுத்தவருக்கு இந்தப் பள்ளிகளின் நடைமுறை பழகியிருக்கும், நேர்காணலில் அது எடுபடும் என்பதும் உண்மை. க்யூ.டி.எஸ். கையில் இருந்தாலும் விசா தரும் பள்ளியை நீதான் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் அந்தத் தேடலை வீட்டில் இருந்தபடி, சம்பளம் வாங்கிக்கொண்டே செய்யலாம். ஆறு மாதம் ஆனாலும் யாரும் தவணை கேட்டு வாசலில் நிற்க மாட்டார்கள். கிடைக்கவே இல்லை என்றாலும் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுத அதே பி.எட். உதவும்.

சேரும் நாளிலிருந்தே காகிதங்களை ஒழுங்காக வை. மதிப்பெண் பட்டியல்களின் மூலப்பிரதி, பயிற்சி எடுத்த பள்ளியின் சான்று, வேலை பார்த்த பள்ளியில் சேர்ந்த தேதியும் எடுத்த வகுப்பும் பாடமும் தெளிவாக எழுதிய தலைமையாசிரியர் கடிதம் எல்லாம் வேண்டும். பிறகு தேடி அலைந்தால் கிடைக்காது.

தையில் ஊருக்கு வருகிறேன். அப்பச்சியோடு உட்கார்ந்து இந்தக் கணக்கை நானே சொல்கிறேன். அதுவரை மனைப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.