ஓசோன் ஆய்வுத் தலைப்பைச் சுருக்க ஒரு வழி

வணக்கம். 'ஓசோனும் உலக அரசியலும்' என்ற முதுகலை ஆய்வுத் தலைப்பை, ரொம்ப அகலம், அறிவியலும் வேண்டும் என்று வழிகாட்டி திருப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது சரிதான். ஆனால் கைவிட வேண்டாம், ஓசோன் படலத்தை அரிக்கும் சிஎஃப்சி-11 என்ற வாயுவின் விவகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓசோன் படலத்தைக் காக்க நாடுகள் செய்துகொண்ட 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் இந்த வாயுவின் உற்பத்தி 2010-க்குள் உலகெங்கும் நின்றிருக்க வேண்டும். காற்றில் அது எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை, யாரோ புதிதாகத் தயாரிக்கிறார்கள் என்று 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது. மறு ஆண்டே தென்கொரியா, ஜப்பான் நிலையங்களின் அளவீடுகளையும் காற்றோட்டத்தையும் வைத்துக் கணக்கிட்டு, அந்தக் கூடுதல் உமிழ்வில் பெரும்பங்கு கிழக்குச் சீனாவின் ஷான்டாங், ஹெபெய் பகுதிகளிலிருந்து வருவதாகக் காட்டினார்கள். உமிழ்வு மளமளவென்று இறங்கிவிட்டதை 2021 ஆய்வுகள் உறுதிசெய்தன.

ஒரு நாட்டுக்குள் காலே வைக்காமல், வெளியே அளந்த காற்றே சாட்சியாகும்போது இறையாண்மை என்ன ஆகிறது? உங்கள் கேள்வி இதுதான். வேதியியல் சமன்பாடுகள் தேவையில்லை. காற்றின் போக்கைப் பின்னோக்கிக் கணக்கிடும் முறையை மட்டும் இயற்பியல் துறை ஆசிரியர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். அப்புறம் உடன்படிக்கை நாடுகள் 2018-இல் ஈக்வடாரின் கீட்டோ (Quito) நகரில் நடத்திய கூட்டத்தின் அறிக்கையிலிருந்து தொடங்குங்கள், உடன்படிக்கையைக் கவனிக்கும் ஐ.நா. ஓசோன் செயலகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.