சிறுகோள்கள் எல்லாமே கோள்களைப் போல ஒரே தளத்தில்தான் சூரியனைச் சுற்றுகின்றனவா?

இல்லை. பாடப்புத்தகப் படங்களில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறுகோள் பட்டையைத் தட்டையான வளையமாக வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் அது மேலும் கீழும் நல்ல தடிமன் உள்ளது. பூமி சுற்றும் தளத்தை அடிப்படையாக வைத்துப் பார்த்தால், பட்டையில் உள்ள பெரிய சிறுகோள்களில் வெஸ்டாவின் பாதை 7 பாகை சாய்ந்திருக்கிறது, சீரீஸின் பாதை 10.6 பாகை. கேள்வி கேட்டவர் தெரிந்துகொள்ள வேண்டியது இவற்றைவிட பல்லஸ் என்ற சிறுகோளைப் பற்றித்தான். 500 கி.மீ.க்கும் சற்று அதிகமான குறுக்களவு, பாதைச் சாய்வோ ஏறக்குறைய 35 பாகை!

1802 மார்ச்சில், ஜெர்மனியின் பிரெமன் நகரில், முந்தைய ஆண்டு வேறொருவர் கண்டுபிடித்திருந்த சீரீஸைப் பார்த்துக்கொண்டிருந்த ஓல்பர்ஸ் என்ற மருத்துவர்தான் பல்லஸைக் கண்டுபிடித்தார். கணித மேதை காஸ் அதன் பாதையைக் கணக்கிட்டபோது வந்த சாய்வு அன்றைய வானியலாளர்களைத் திகைக்க வைத்தது. அதுவரை தெரிந்த கோள்களில் அதிகம் சாய்ந்த புதனுக்கே 7 பாகைதான். சீரீஸும் பல்லஸும் ஏதோ ஒரு கோள் உடைந்து சிதறிய துண்டுகளாக இருக்குமோ என்று ஓல்பர்ஸ் யோசித்தார். அது சரியில்லை என்று இன்று தெரியும். பட்டையில் உள்ள அத்தனையையும் சேர்த்தாலும் நம் நிலாவின் எடையில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது.

இந்தச் சாய்வை வானத்திலேயே பார்க்கலாம். கோள்கள் ராசி மண்டலத்தைத் தாண்டி அலைவதில்லை. பல்லஸ் அப்படியில்லை. 2019 ஏப்ரலில் அது சுவாதி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எந்தக் கோளும் எட்டிப்பார்க்காத வடக்குப் பகுதி அது. பைனாகுலரில் பார்த்தபோது மங்கலான ஒரு புள்ளிதான், சுற்றியிருந்த நட்சத்திரங்களிலிருந்து பிரித்தே சொல்ல முடியவில்லை. அடுத்த இரவுகளில் இடம் மாறியிருந்ததை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அந்த இடமாற்றத்தைக் கண்ணால் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

சரி, சாய்வாகச் சுற்றினால் என்ன ஆகும்? அடி அதிகம் விழும். நெடுஞ்சாலையில் ஒரே திசையில் போகிற வண்டிகள் உரசிக்கொண்டால் சேதம் குறைவு. குறுக்கே பாய்கிற வண்டி வாங்குகிற அடி வேறு. பல்லஸ் மற்ற சிறுகோள்களின் கூட்டத்துக்குள் ஒவ்வொரு சுற்றிலும் குறுக்காகப் புகுந்து வெளியேறுகிறது. அதன்மேல் வந்து மோதுபவற்றின் சராசரி வேகம் விநாடிக்கு 11 கி.மீ.க்கும் மேல், சீரீஸ், வெஸ்டாவில் அதில் பாதிதான். சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கி எடுத்து 2020இல் வெளிவந்த படங்களில், 30 கி.மீ.யைவிடப் பெரிய பள்ளங்கள் மட்டுமே 36 எண்ணியிருக்கிறார்கள்.

இவ்வளவு சுவாரசியமான இடத்துக்கு இதுவரை ஒரு விண்கலம்கூடப் போனதில்லை. அதற்கும் சாய்வுதான் காரணம். வேகத்தைக் கூட்டுவதைவிடப் பாதைத் தளத்தைத் திருப்புவதுதான் விண்கலத்துக்குப் பெரிய செலவு. அங்கே எல்லாம் விநாடிக்குச் சுமார் 18 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தத் திசையை 35 பாகை திருப்ப மட்டும் விநாடிக்கு 10 கி.மீ.க்கு மேல் வேக மாற்றம் வேண்டும். வெஸ்டாவையும் சீரீஸையும் சுற்றிப் பார்த்த டான் விண்கலம், 2007 முதல் 2018 வரை தன் அயனி எஞ்சினால் பெற்ற மொத்த வேக மாற்றமே விநாடிக்குச் சுமார் 11 கி.மீ.தான்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. 4.6 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றும் பல்லஸ், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை பூமியின் தளத்தைக் கடந்தே ஆக வேண்டும். அந்த இடத்தில், அந்த நேரத்தில் விண்கலம் தயாராக இருந்தால் போதும், தளத்தைத் திருப்பவே வேண்டாம். சுற்றிவர முடியாது, கடந்து போகும்போது படம் எடுக்கலாம். அதீனா என்ற பெயரில் அப்படியொரு சின்ன விண்கலத் திட்டத்தை முன்வைத்தார்கள், தேர்வாகவில்லை. என்னைக் கேட்டால், சீரீஸுக்கும் வெஸ்டாவுக்கும் அப்புறம் பட்டையில் முதலில் போக வேண்டிய இடம் பல்லஸ்தான், சில மணி நேரப் பார்வைதான் கிடைக்கும் என்றாலும்.